பின்விளக்கு எரிந்ததா

மிதிங்கக்கா என்று லாரிக்குப் பின்னாலிருந்து சுயம்பு குரல் கொடுக்கிறான், பிரேக்கை மிதிக்கிறேன், விடுங்க என்கிறான், விடுகிறேன், எரியுது, அணையுது, எரியுது, இதில் கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஒன்பது மணிக்கு இந்த டிரைவர் சீட்டில் ஏறி, லைட் சுவிட்சையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை என்று பெர்க்மான்ஸ் வீட்டுக்குள் போய்த் தலையணை எடுத்துவந்து என் முதுகுக்கு அண்டக் கொடுத்தான். என் மூத்த மகன், எதையும் நிதானமாகச் செய்வான். நாளைக்கு வண்டியைத் தகுதிச் சான்று வாங்க எஃப்சிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆபீசர் பார்க்கிற நேரமாய்ப் பார்த்துப் பின்லைட் அணைந்துபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் எப்படியாவது கண்டுபிடியுங்கள் என்று எலக்ட்ரீசியன் சுயம்புவை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறான். இரண்டு மாதமாகப் புது டிரைவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அண்ணாச்சி, நல்லா எரிஞ்சிட்டு இருக்கு, திடீர்னு பின்னால மொத்தமும் செத்துருது, கொஞ்ச தூரம் போனா தானா உயிர் வருது. பெர்க்மான்ஸ், உப்பு லோடு ஏத்துற வண்டி, துருப்பிடிக்காம பொன்னாவா மின்னும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. தூத்துக்குடியில் உப்பு ஏற்றுகிற எந்த வண்டியின் பின்பக்கத்தைத் தட்டினாலும் ஒரு கை துரு உதிரும். ஆனால் நான் அதைக் கேட்ட ராத்திரியிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. தானா உயிர் வருது என்று அந்த டிரைவர் சொன்னாரே, அந்தச் சொல்தான். தானாக வரும் என்றால் தானாகப் போகவும் செய்யும்தானே. அப்படிப் போகும் என்றால் என் சின்னவன் லிகோரி. மிதிங்கக்கா. மிதிக்கிறேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, துக்க தேவ இரகசியம் சொல்ல வேண்டிய நாள். ஜெபமாலையை இடது கையில் வைத்துக்கொண்டு ஒரு மிதிக்கு ஒரு மணி என்று தொடங்கினேன், சுயம்புவின் அவசரத்துக்கு மாதாவைக் கூப்பிட முடியவில்லை, அருள் நிறைந்த என்று ஆரம்பிப்பதற்குள் விடுங்க என்கிறான். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பது தெரியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், என்ன கேட்டு வேண்டுவது என்பது எனக்குத் தெரியவில்லை. மாதாவே, லைட் அணையாமல் எரியட்டும் என்று வேண்டினால் என் சின்ன மகன் பொய்யன் என்று ஆகும். அணையட்டும் என்று வேண்டினால் அவன் சொன்னது மெய் என்று ஆகும், நான் ஆகாத தாய் ஆவேன். ஒரு தாய் இதில் எதை வேண்ட வேண்டும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். நான்தான் மணியை உருட்டிக்கொண்டே இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி வழியாகத் தெரு தெரிகிறது. எதிர்வீட்டு ரெஜினா மீன் கழுவுகிறாள், அவள் காலைச் சுற்றிப் பூனை. சீட்டில் உப்பும் டீசலும் கலந்த வாடை. லிகோரி வேலைவிட்டு வந்தால் அவன் சட்டையில் இதே வாடைதான் இருக்கும், இரண்டு தண்ணீர் அலசினாலும் போகாது, எரிச்சலாக வரும். இப்போது சீட்டு உறையில் முகத்தை வைத்துப் பார்க்கலாம்போல இருக்கிறது. பெர்க்மான்ஸ் பார்த்துவிடுவான்.

"எக்கா, என்னைக் கண்டாத்தான் இது எரியுது" என்று பின்னாலிருந்து சத்தம். "பேசாம லோடுக்குப் போம்போது என்னையும் பின்னால கட்டித் தொங்க விட்டுருங்க."

"உங்களக் கட்டுனா ஓவர்லோடுன்னு புடிச்சிருவானுவண்ணே" என்கிறான் பெர்க்மான்ஸ்.

"ஆமாடே, ஒன் கல்யாணத்துல தின்ன பிரியாணி இன்னும் எறங்கல."

சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியிலேயே நிற்கிறது. பிரியாணிக் கரண்டியை அன்றைக்குப் பிடித்து நின்றவன் லிகோரி. போன வருஷம் தவக்காலம் தொடங்கின வாரம், வெள்ளிக்கிழமை, அந்தி நேரம், எட்டயபுரம் தாண்டி ரோட்டோரம் டயர் பஞ்சராகி நின்றிருக்கிறான். பின்னால் ஒரு பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டின மோட்டார் சைக்கிளில் வந்தவர் லாரியில் மோதிவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம், ஆனால் மனுஷர் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். ரோடெல்லாம் பாலாய் ஓடியதாம், ஏற்றியிருந்த உப்பு மூட்டையில் ஒன்று கிழிந்து அதில் கொட்டியதாம். பால்காரர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னார், லைட்டே எரியலம்மா, கருப்பா ஒரு சொவரு மாதிரி நின்னுச்சு. அவர் கண்ணைப் பார்த்தேன், பொய் சொல்கிற கண் இல்லை. லிகோரி சொன்னான், போட்டுட்டுத்தான் எறங்கினேன், பின்னால போயும் பாத்தேன், எரிஞ்சுது. போலீஸ் வந்து பார்த்தபோது எரியவில்லை. மறுநாள் பெர்க்மான்ஸ் ஸ்டேஷனில் போய் வண்டியை எடுக்கும்போது சுவிட்சைப் போட்டிருக்கிறான், கல்யாண வீடு மாதிரி எரிந்திருக்கிறது. அப்படி என்றால் என்ன அர்த்தம்? சுவிட்சைப் போட்டால் எரிகிற லைட்டு, போடாமல் விட்டால்தான் எரியாது. எட்டாவது வரை படித்தவளுக்கு இதற்கு மேல் என்ன கணக்கு வரும். ஒருத்தர் சொல்வது மெய் என்றால் மற்றவர் சொல்வது பொய். ஊரான் ஒருத்தர் எலும்பு முறிந்து கிடக்கிறார், என் மகன் கைகால் சுகமாக நிற்கிறான். மகன் பக்கம் பேசினால் பாவம் வந்துவிடுமோ என்று பயந்தேன். நீதி செய்கிறேன் என்று நினைத்தேன். அதோடு அவன் சின்னதில் சொன்ன பொய்களை எல்லாம் நான் மறக்காமல் வைத்திருந்தேன், அதுவும் ஒரு பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. அந்தோணியாருக்கு மெழுகுதிரி வாங்கி ஏற்றிவிட்டு வா என்று அனுப்பினேன், ஏத்திட்டேம்மா என்று வந்து நின்றான், நாக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, குச்சி ஐஸ். ஏழு வயசு அப்போது. அந்த நாக்கை இருபது வருஷம் கழித்து நினைத்துக்கொண்டேன். எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா.

மிதிங்கக்கா, அப்படியே புடிச்சுக்கோங்க. பிடித்துக்கொண்டிருக்கிறேன். கெண்டைக்கால் நோகிறது. எனக்கு நேரே டேஷ்போர்டின் மேல் சின்ன மரத்தட்டில் மாதா படம். அவுக, என் வீட்டுக்காரர், வண்டி வாங்கின வருஷம் தன் கையாலே அடித்த தட்டு. அந்தப் படத்தைத்தான் தொடச் சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்து இதே இடத்தில் நின்றது, லிகோரி கொஞ்ச நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினான், கண் சிவந்திருந்தது, தூங்காததாலா குடித்ததாலா என்றுகூட நான் யோசித்தேன். ஏறிப் படத்துல கைய வச்சுச் சொல்லு என்றேன். எம்மா என்றான். சொல்லுல என்றேன். படியில் கால் வைத்து எட்டிக் கையை வைத்தான், முழு உள்ளங்கையும் வைத்தான், லைட்டப் போட்டுட்டுத்தாம்மா எறங்கினேன், மாதா மேல சத்தியமா எரிஞ்சுது. சொல்லிவிட்டுக் கையை எடுத்தான். எடுத்த கையைப் பேண்டில் துடைத்தான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொய் சத்தியம் பண்ணின கையை உடனே துடைக்கிறான் என்று என் நெஞ்சு பதறியது. சத்தியத்தத் தொடைக்கியால, மாதாவையே ஏமாத்துற பய எனக்கு வேண்டாம் என்று கத்தினேன். நான் கத்துகிறவள் இல்லை. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரெஜினா வாசலுக்கு வந்து பார்த்தாள். லிகோரி துடைத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றான், எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்று விளங்காத மாதிரி. வேண்டாம் என்றால் போ என்று அர்த்தமா? கோபத்தில் எந்தத் தாய் சொல்லாத சொல். அவன் போய்விட்டான். குஜராத் பக்கம் ஏதோ உப்பளத்தில் மெஷின் பார்க்கிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லையாம், பெர்க்மான்ஸ் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போன் போடுவேன். சாப்பிட்டியா என்பேன், ம் என்பான். கோயிலுக்குப் போனியா என்பேன், ம். மெஷின் ஓடுதும்மா, வைக்கட்டா.

"ஏடே பெர்க்மான்ஸ், அந்தக் கதவ ஓங்கிச் சாத்து பாப்போம்" என்கிறான் சுயம்பு.

"எதுக்குண்ணே?"

"வண்டி ஓடும்போதுதான போவுது. நின்னுட்டு இருக்கிற வண்டிக்கு என்ன கஷ்டம் தெரியும். சாத்து."

பெர்க்மான்ஸ் என் பக்கத்துக் கதவை ஓங்கிச் சாத்துகிறான், கேபின் குலுங்குகிறது, மாதா படம் தட்டில் ஆடுகிறது, நான் கையை நீட்டிப் பிடிக்கிறேன், என் கால் மிதித்தபடியே இருக்கிறது. ரெஜினா வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்கிறது. பிறகு சுயம்பு மெல்லச் சொல்கிறான், "போச்சு." காலெடுத்துட்டீங்களாக்கா? இல்ல தம்பி. வச்சுத்தான் இருக்கீங்களா? வச்சுத்தான் இருக்கேன். சுவிட்சு? போட்டபடியே இருக்கு. எல்லாம் போட்டபடியே இருக்கிறது, லைட் இல்லை. சுவிட்சுப் போட்டிருந்தும் எரியாமல் இருக்கும் என்பதை நான் கால் வைத்துக் காட்டிவிட்டேன். மூன்றாவது துக்கம் முள்முடி, நான்காவது சிலுவை சுமக்கிறது, இது எத்தனையாவது. அவன் பின்னால் போய்ப் பார்த்தபோது எரிந்திருக்கிறது, பால்காரர் வந்தபோது அணைந்திருக்கிறது. இரண்டு பேரும் மெய்தான் சொன்னார்கள். நடுவில் நான் ஒருத்தரை மெய்யனாக்குவதற்கு இன்னொருத்தனைப் பொய்யனாக்கினேன்.

சுயம்பு முன்னால் வந்துவிட்டான். பின்னால் எல்லா ஹோல்டரும் மாத்தியாச்சு, அங்க இல்ல, நோவு இங்கதான் இருக்கு என்று என் காலடியில் தலையை விட்டு டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றுகிறான். பச்சை. பாசி பிடித்த மாதிரிப் பச்சை, அதன் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. "அடப்பாவி" என்கிறான். "பின்னால போற எல்லாத்துக்கும் இதுதான் தாய் ஒயரு, முக்காவாசி அரிச்சுத் தின்னுருக்கு. ஆடுனா தொடும், ஆடுனா விடும். ஆமா, லோடு பின்னாலல்லா இருக்கு, கேபினுக்குள்ள யாரு உப்பக் கொண்டு போட்டா?" பெர்க்மான்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடி ரப்பர் வழியா மழத்தண்ணி எறங்கிருக்கும்ணே என்கிறான். சுயம்பு விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புகிறான். "கரிக்குது. ஒங்க ஊட்டு மழ கடலுக்குள்ளருந்து நேரா பெய்யுதோ?" கடக்காத்துதான் வேற என்ன என்று பெர்க்மான்ஸ் சொல்கிறான், சுயம்புவும் சரி என்கிறான். அதோடு முடிந்தது. கடல்காற்று என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்து எனக்கு முன்னால் வைத்துவிட்டார்கள், நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஆனால் என் கண் அந்த மரத்தட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது. தட்டின் கீழ்விளிம்பிலிருந்து டேஷ்போர்டின் இடுக்கு வரை வெள்ளையாய் ஒரு கோடு, தண்ணீர் ஒழுகிக் காய்ந்த கோடு. கொஞ்சமா நஞ்சமா தெளித்தேன். வண்டி லோடுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு காலையும் படியில் ஏறி மாதா படத்துக்குத் தீர்த்தம் தெளிப்பேன். கோயிலில் தருகிற தீர்த்தம் நாலு நாளில் தீர்ந்துபோகிறது, அதனால் மந்திரித்த உப்பை நானே ஒரு கை அள்ளிப் போட்டுப் பெரிய பாட்டிலில் கலக்கி வைத்துக்கொள்வேன். உப்பு கூடினால் பிசாசு அண்டாது, தண்ணீரும் கெடாது. அவுக இருந்தவரை நான் தெளித்துவிட்டு இறங்கினதும் ஒரு மஞ்சத்துணியை எடுத்துத் தட்டையும் அதற்குக் கீழேயும் துடைப்பார், பிறகுதான் வண்டியை எடுப்பார். மாதாவுக்குப் போடுறது மாதாவோட நிக்கட்டும் என்று ஒருநாள் சொன்னார். சுத்தக்காரர் என்று நினைத்தேன். தெளிக்காதே என்று என்னிடம் சொல்ல மனசில்லாமல் பதினைந்து வருஷம் துடைத்திருக்கிறார். அவுக போய் ஆறு வருஷமாகிறது, துடைக்க ஆள் இல்லை, நான் தெளித்துக்கொண்டே இருந்தேன். விபத்துக்குப் பிறகு இரண்டு மடங்காகத் தெளித்தேன். அன்றைக்கு, ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்த அன்றைக்கு, தோஷம் போகட்டும் என்று பாட்டிலையே கவிழ்த்தேன். அதற்கப்புறம்தான் லிகோரி வந்தான். அதற்கப்புறம்தான் அவனைப் படத்தில் கை வைக்கச் சொன்னேன். படம் நனைந்திருந்தது. கை ஈரமாயிற்று. ஈரக் கையை மனுஷர் பேண்டில் துடைப்பார்கள். யாராய் இருந்தாலும் துடைப்பார்கள். மாதாவே, வேறொன்றுமில்லை, அவன் ஈரத்தைத் துடைத்தான்.

"கடக்காத்து இல்ல தம்பி" என்று சொல்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொல்கிறேன். "நாந்தான். தீர்த்தம் தெளிச்சது நாந்தான். அதுல உப்பு கெடந்துது."

சுயம்பு தலையை வெளியே எடுத்து என்னைப் பார்க்கிறான், படத்தைப் பார்க்கிறான், வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறான். அவனுக்குச் சிரிப்பு வந்தது தெரிகிறது, என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்கிறான். "எக்கா, பெரிய காரியமில்ல. புது ஒயரு இழுத்துப் புதுப் பெட்டி மாட்டிருதேன். இனிமே பாத்து ரெண்டே சொட்டு. மாதாவும் கோவிக்க மாட்டாவ." பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை. அவன் கதவின் மேல் கை வைத்து நிற்கிறான். ஸ்டேஷனில் சுவிட்சைப் போட்டு, எரியுதே என்று சொன்னவன் அவன். அவனுக்கும் கணக்கு விளங்கிவிட்டது. "எம்மா" என்கிறான். பால்காரர் வீட்டுக்கு நாளைக்கு எஃப்சி முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போ என்று சொல்கிறேன். சரிம்மா என்கிறான். நீயும் லிகோரிகிட்டப் பேசணும் என்கிறேன். சரி என்று தரையைப் பார்த்துச் சொல்கிறான்.

சுயம்பு அரித்த இடத்தைச் சுரண்டி ஒயரை முறுக்கிக்கொண்டிருக்கிறான், தற்காலிகமா சேத்துப் பாக்கேன், மிதிச்சுட்டே இருங்க. மிதித்துக்கொண்டே ஜெபமாலைப் பைக்குள்ளிருந்து போனை எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம், பூசை முடிந்து நிதானமாகச் சொல்லலாம், அஞ்சே நாள்தான். இப்படித்தான் ஒரு வருஷம் பொறுத்தேன். பட்டனை இரண்டு தரம் தப்பாக அமுக்குகிறேன். மணி போகிறது. எடுக்கமாட்டான் என்று நினைத்து அந்தப் பயத்திலேயே ஒரு நிம்மதி வருகிறது, அதற்குள் எடுத்துவிட்டான்.

"எம்மா? என்னம்மா? யாருக்கு என்ன?" இந்தப் பதற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்தால் பிள்ளை வேறு என்ன நினைப்பான்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல மக்கா. லைட்டு எரிஞ்சுது."

"எந்த லைட்டு?"

"நம்ம வண்டி லைட்டு. நீ பாத்தப்போ எரிஞ்சுது. பொறவு தானா அணைஞ்சிருக்கு. சுயம்பு கண்டுபுடிச்சுட்டான். நான் தெளிச்ச தீர்த்தம் உள்ள எறங்கி ஒயர அரிச்சிருக்கு மக்கா. ஒங் கை நனைஞ்சதும் அதுலதான்."

மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. வைக்கட்டா என்று சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிறேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரமாகிறது, எங்கேயோ நடந்து போகிறான், அப்புறம் காற்று இரைகிற சத்தம்.

"எனக்கே சந்தேகம் வந்துட்டும்மா" என்கிறான். "போட்டேனா, போடலியான்னு. ஒரு வருஷமா கண்ண மூடுனா அந்த சுவிட்சத்தான் போட்டுப் பாக்கேன். பின்னால போய்ப் பாத்தேனே, செவப்பா எரிஞ்சுதேன்னு தோணும். ஆனா நீ அவ்வளவு உறுதியா சொன்னல்ல. அம்மா சொல்லுதா, அப்ப நான் போடலதான் போலன்னு."

வாய் வரை வந்தது, வா மக்கா என்று. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. ஜெபமாலை மடியிலிருந்து நழுவிக் கால்கிட்ட விழுகிறது, குனிந்து எடுக்க முடியாது.

"இப்ப எரியுதாம்மா?" என்று கேட்கிறான்.

போனைக் காதில் வைத்தபடியே கத்துகிறேன், தம்பி, எரியுதா? சுயம்பு பின்னால் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான், "எரியுதுக்கா. நல்லா எரியுது. போதும், காலெடுங்க."

"எரியுதாம்" என்று லிகோரியிடம் சொல்கிறேன். அவன் போனை வைக்கவில்லை. காலெடுங்கக்கா என்று சுயம்பு இன்னொரு தரம் சொல்கிறான். நான் எடுக்கவில்லை.